ஞாயிறு கடை திறக்கலாமா? பாலக்கோட்டில் திறந்து பார்த்ததில் தெரிந்தது

எங்களுடையது பாலக்கோட்டில் ஒரு நடுத்தரமான எலக்ட்ரிகல், பிளம்பிங் சாமான் கடை. ஒயர், சுவிட்ச், பிவிசி பைப், குழாய், ஃபேன், மோட்டார் ஸ்டார்ட்டர், கெப்பாசிட்டர், அப்புறம் சொட்டுநீருக்கு வேண்டிய சில்லறை உதிரிகள், இதுதான் சரக்கு. நானும் வீட்டுக்காரியும் போக வேலைக்கு நான்கு பேர். முதலில் எல்லாரையும் போல ஞாயிறு முழு லீவு விட்டுக்கொண்டிருந்தோம், நடுவில் கொஞ்ச காலம் ஞாயிறும் இரவு வரை திறந்திருந்தோம், இப்போது காலை 8 மணிக்குத் திறந்து மதியம் 2 மணிக்கு ஷட்டரை இறக்கிவிடுகிறோம். காரிமங்கலம், மாரண்டஅள்ளி பக்கம் கடை வைத்திருக்கும் தெரிந்தவர்கள் பார்க்கும்போதெல்லாம் "ஞாயித்துக்கிழமை கட்டுப்படி ஆகுதாண்ணா?" என்று கேட்கிறார்கள். ஆகிறது. ஆனால் அது கல்லாவை மட்டும் பார்த்துச் சொல்கிற பதில். அன்றைக்குக் கவுண்ட்டரில் யார் நிற்பது என்று தீர்மானிக்காமல் ஷட்டரைத் தூக்கினால் கொஞ்ச நாளில் நல்ல ஆளாகப் பார்த்து ஒவ்வொருத்தராகப் போய்விடுவார்கள், அப்புறம் திங்கட்கிழமையும் சேர்ந்து கெட்டுப்போகும்.

முதலில் யார் வருகிறார்கள் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்து கிராமங்களில் வீட்டுக்கு ஒருத்தர் என்று சொல்லும்படி பெங்களூரிலோ ஓசூரிலோ வேலையில் இருக்கிறார்கள். கட்டட வேலை, சிப்காட் கம்பெனி, டிரைவர், செக்யூரிட்டி. சனிக்கிழமை ராத்திரி பஸ்ஸிலோ ரயிலிலோ வந்து இறங்குவார்கள், ஞாயிறு சாயங்காலமோ திங்கள் விடியற்காலையோ கிளம்பிவிடுவார்கள். ஊரில் வீடு கட்டிக்கொண்டிருப்பதும் பெரும்பாலும் இவர்கள்தான். பாத்ரூமுக்கு எந்தக் குழாய், ஹாலுக்கு எந்த ஃபேன், ஹீட்டர் எத்தனை லிட்டர் என்று முடிவு சொல்ல வேண்டிய ஆள் ஊரில் இருக்கிற ஒரே நாள் ஞாயிறு. அன்றைக்கு நாம் மூடியிருந்தால் அவர் திங்கட்கிழமை லீவு போட்டு நமக்காகக் காத்திருப்பாரா என்ன? பைக்கை எடுத்துக்கொண்டு தர்மபுரிக்குப் போவார், இல்லை அடுத்த வாரம் ஓசூரிலேயே வாங்கி பஸ்ஸில் போட்டுக் கொண்டுவந்துவிடுவார்.

அடுத்தது விவசாயிகள். மோட்டார் கிழமை பார்த்துப் புகையாது. தக்காளிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கும்போது ஸ்டார்ட்டரில் ரிலே போய்விட்டால், மும்முனை மின்சாரம் வருகிற நேரம் கண்ணெதிரே வீணாகிக்கொண்டிருக்கும்போது, அவரிடம் போய் "நாளைக்கு வாங்க" என்று சொல்ல முடியாது. இவர்கள் விலை பேச மாட்டார்கள், ஆனால் சாமான் சரியாக இல்லாவிட்டால் ஒரு மணி நேரத்தில் திரும்ப வந்து நிற்பார்கள்.

வார நாளின் வியாபாரம் வேறு மாதிரி. காலை 8 மணியில் இருந்து 10 மணி வரை எலக்ட்ரீஷியன், பிளம்பர் கூட்டம். கையில் லிஸ்ட் இருக்கும், தொழில்காரர் விலை, பாதிக்கு மேல் நோட்டில் எழுதும் கடன். ஞாயிறு வருவது வீட்டுக்காரர், பணம் உடனே வந்துவிடும், ரொக்கமோ ஜிபேயோ. அதனால் ஞாயிறு பில்லில் லாபம் கூடுதல்தான். ஆனால் ஒரு குழாய் வாங்க மூன்று பேர் வருவார்கள், இதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பார்கள், வீடியோ காலில் மாமியாருக்குக் காட்டுவார்கள், அரை மணி நேரம் போய்விடும். ஆகவே ஞாயிறு நிற்கிற ஆள் சரக்கு தெரிந்த ஆளாக இருக்க வேண்டும். "ஞாயிறுதானே, புதுப் பையன் பார்த்துக்கொள்வான்" என்பது இந்தத் தொழிலில் எடுபடாது.

இன்னொன்று, ஞாயிறு விற்றதெல்லாம் புது வியாபாரம் என்று எண்ணிவிடக் கூடாது. அதில் ஒரு பங்கு திங்கட்கிழமை எப்படியும் நம்மிடமே வந்திருக்கும். 2020 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் தமிழ்நாடு முழுக்க ஞாயிறுதோறும் முழு ஊரடங்கு போட்டார்கள், ஞாபகம் இருக்கும். அப்போது சனிக்கிழமை சாயங்காலமும் திங்கள் காலையும் கடையில் நிற்க இடமிருக்காது. அது சாதாரண காலம் இல்லை, பெங்களூரில் வேலை நின்று ஜனம் ஊரோடு கிடந்த காலம், அதனால் அதை அப்படியே இப்போதைக்குப் பொருத்த மாட்டேன். ஆனால் ஒரு விஷயம் புரிந்தது. பல்பு, ஒயர், டேப் மாதிரி சாமான் நாள் மாறி வாங்கப்படும், எங்கேயும் ஓடிப்போகாது. பெங்களூர்க்காரர் வாங்குகிற குழாயும் விவசாயி வாங்குகிற ரிலேயும் அப்படி இல்லை, அன்றைக்கு விட்டால் போனதுதான். நான் கடை மென்பொருளில் ஞாயிறு பில்லுக்குத் தனி வரிசை எண் வைத்து, சனி, ஞாயிறு, திங்கள் மூன்றையும் சேர்த்துப் பழைய வாரங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். ஞாயிறு தொகையைத் தனியாகப் பார்த்துச் சந்தோஷப்படுவதில் அர்த்தமில்லை. ஆடியிலும் மார்கழியிலும் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள், புதுமனை புகுவிழா எதுவும் இருக்காது, எந்தக் கிழமை திறந்தாலும் படுத்துத்தான் கிடக்கும்.

நேரத்தைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. 9 மணிக்குச் சூடு பிடிக்கும், 1 மணி வரை ஓடும். அதற்கப்புறம் கறிச்சோறு, தூக்கம். சாயங்காலம் ஜனம் ரிசப்ஷனுக்கும் கோயிலுக்கும் ஒகேனக்கலுக்கும் போகும், எங்கள் மாதிரிக் கடைக்கு வராது. இரவு வரை திறந்திருந்த காலத்தில் அந்த நேரத்துக்கு வந்த வியாபாரம் எங்கள் டீச்செலவுக்குத்தான் ஆனது. துணிக்கடை, பேக்கரி, செல்போன் கடைக்காரர்கள் இதற்கு நேர் எதிராகச் சொல்வார்கள், அவர்களுக்குச் சாயங்காலம்தான் ஞாயிறே.

இப்போது ஆள் விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிறு லீவு என்றால் வேலை செய்பவர்கள் எல்லாருக்கும் உயிர் என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். தனித்தனியாகக் கேட்டால் வேறு வேறு பதில் வருகிறது. எங்கள் கோடவுனைப் பார்க்கும் அண்ணன் வார நாளில் லீவு கிடைத்தால்தான் நல்லது என்றார். காரணம் எளிமையானது: பேங்க், தாலுகா ஆபீஸ், ஈபி ஆபீஸ் எல்லாம் ஞாயிறு மூடிக் கிடக்கும், ஒவ்வொரு வேலைக்கும் அரை நாள் பெர்மிஷன் கேட்டு என் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. பில் போடும் அக்காவுக்கு நேர்மாறு. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லாத நாள், வீட்டுக்காரர் வீட்டில் இருக்கும் நாள், துணி துவைக்கிற நாள், இதையெல்லாம் விட்டுவிட்டு வர முடியாது. "தீபாவளி முந்தின நாள் எவ்வளவு நேரம் வேணும்னாலும் நிக்கிறேன் சார், ஞாயித்துக்கிழமை மட்டும் கேக்காதீங்க" என்று சொல்லிவிட்டார். அவர் வருவது டவுன் பஸ்ஸில். பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பது 2021 மே மாதத்தில் இருந்து பெரிய உதவிதான், ஆனால் அவர் ஊர் பக்கம் ஞாயிறு டிரிப் குறைவு, ஒரு பஸ்ஸை விட்டால் அடுத்ததற்கு ரொம்ப நேரம் நிற்க வேண்டும். ஞாயிறு திறக்க நினைப்பவர்கள் பஸ் நேரத்தை முதலில் விசாரியுங்கள், ஏசி போடுவதெல்லாம் அப்புறம். சின்னத் தம்பிகள் இரண்டு பேருக்கும் ஞாயிறு கிரிக்கெட்டும் சிநேகிதர் கல்யாணமும். அவர்களுக்குக் காசு கூடுதலாகக் கிடைத்தால் ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு சரி.

இதற்குள் சட்டம் வருகிறது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், ஏனென்றால் கடைக்காரர்கள் பலர் இதைப் பாதிதான் கேள்விப்பட்டிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 24 மணி நேரமும் 365 நாளும் கடை திறக்கலாம் என்று 2019 மே மாதம் அரசாணை வந்தது, மூன்று வருஷத்துக்கு. அதை 2022இல் நீட்டித்தார்கள், 2025இல் மறுபடியும் நீட்டித்தார்கள். ஆனால் அது 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகளுக்கு. நான்கு பேர் வைத்திருக்கும் என்னைப் போன்றவருக்கு 1947ஆம் வருஷத்துக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம்தான். அதன்படி கடை வாரத்தில் ஒரு நாள் முழுசாக மூடியிருக்க வேண்டும். எந்த நாள் என்பது நம் விருப்பம், ஞாயிறுதான் என்று கட்டாயம் இல்லை. அந்த நாளை எழுதிக் கடையில் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி ஒட்ட வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒரு தடவைக்கு மேல் மாற்றக் கூடாது. லீவு நாளுக்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது. வேலை ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48, தொடர்ந்து 4 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் நடுவில் ஒரு மணி நேரம் ஓய்வு, ஓவர்டைம் என்றால் இரண்டு மடங்கு கூலி. உட்கார இருக்கை தர வேண்டும் என்பது 2021இல் சட்டத்தில் சேர்த்தது.

பெரிய ஷோரூம் வருஷம் முழுக்கத் திறக்கலாம், சின்னக் கடை வாரம் ஒரு நாள் மூட வேண்டும் என்பது எனக்கு உறுத்தத்தான் செய்தது, இப்போதும் கொஞ்சம் உறுத்துகிறது. ஆனால் அந்த ஒரு நாள் கட்டாயம் இல்லாவிட்டால் முதலில் லீவை இழக்கிறவன் கடைக்காரன்தான், நான் ஏழு நாளும் உட்கார்ந்திருப்பேன், பக்கத்துக் கடைக்காரரும் உட்கார்ந்திருப்பார், இரண்டு பேர் வீட்டிலும் சண்டை.

நாங்கள் செவ்வாய்க்கிழமையை மூடும் நாளாக வைத்தோம். 'செவ்வாய் வெறுவாய்' என்று எங்கள் பக்கம் புதுசாக எதையும் ஆரம்பிக்க மாட்டார்கள், வீட்டுக்குச் சாமான் எடுப்பதையும் தள்ளிப்போடுவார்கள். எலக்ட்ரீஷியன்களிடம் இரண்டு வாரம் முன்பே சொல்லிவைத்தோம், திங்கள் சாயங்காலமே செவ்வாய்க்கு வேண்டியதை எடுத்துப்போகப் பழகிவிட்டார்கள். முணுமுணுத்தது ஒரே ஒருத்தர், அவர் எப்போதும் முணுமுணுப்பவர். திங்கள், புதன், வியாழன், வெள்ளி, சனி ஐந்து நாளும் 8 மணி நேரம், காலையில் சீக்கிரம் வருபவர் சாயங்காலம் சீக்கிரம் கிளம்புவார். ஞாயிறு முறை வருபவருக்கு டிபன் ஓய்வு போக 5 மணி நேரம். மொத்தம் 45, சட்டத்துக்குள் அடங்கிவிடுகிறது.

ஞாயிறு இரண்டு பேர் போதும். கோடவுன் அண்ணன் விரும்பியே வருகிறார், இரண்டு தம்பிகள் மாற்றி மாற்றி. பில்லுக்கு நானோ வீட்டுக்காரியோ. ஞாயிறு வருபவருக்குச் சம்பளத்தில் கலக்காமல் தனியாகப் பேட்டா, கிளம்பும்போதே கையில், கூடவே மதியச் சாப்பாடு. மாதக் கடைசியில் சேர்த்துத் தருகிறேன் என்று வைத்துக்கொண்டால் அது மறந்துபோகும், இல்லை மறந்துபோன மாதிரி ஆகிவிடும், அதிலிருந்துதான் மனக்கசப்பு ஆரம்பிக்கும். பில் அக்காவுக்கு ஞாயிறும் செவ்வாயும் லீவு, எங்களுக்கு மட்டும் ஒரு நாளா என்று தம்பிகள் கேட்டார்கள். கேட்டது நியாயம்தான். ஞாயிறு பேட்டா வாங்குவது நீங்கள், அவருக்கு அது கிடையாது என்று எதிரிலேயே கணக்கைப் போட்டுக் காட்டினேன். ஒத்துக்கொண்டார்கள், முழு மனதோடா என்று எனக்குத் தெரியவில்லை. சுவரில் காலண்டருக்குப் பக்கத்தில் அட்டவணை தொங்குகிறது, யார் எந்த ஞாயிறு என்று மாதம் பிறக்கும்முன் அவர்களே எழுதிவிடுவார்கள், நான் கை வைப்பதில்லை. வைகாசி, ஆவணி முகூர்த்த ஞாயிறுகளில் மட்டும் அடிதடி நடக்கும். 18 வயசு நிறையாத பையன்களை ஞாயிறு மட்டும் வரச்சொல்லிச் சமாளிக்கலாம் என்று ஒரு யோசனை எல்லாக் கடைக்காரர்களுக்கும் வரும். வேண்டாம்.

அரசு விடுமுறை தனிக் கதை. காலண்டரில் சிவப்பாக இருக்கும் நாளெல்லாம் நமக்கு லீவு இல்லை. 1958ஆம் வருஷத்துத் தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டப்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 நான்கும், பண்டிகைக்கு 5 நாளும், ஆக 9 நாள் சம்பளத்தோடு தர வேண்டும். அன்றைக்கு வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், இல்லாவிட்டால் அன்றைய சம்பளமும் பதில் லீவும். தேசிய விடுமுறை அன்று தொழிலாளர் துறையில் இருந்து ஆய்வுக்கு வருவார்கள், மறுநாள் பேப்பரில் இத்தனை கடைகள் மீது நடவடிக்கை என்று செய்தி வரும். 2025இல் அக்டோபர் 1 ஆயுத பூஜை, மறுநாள் விஜயதசமியும் காந்தி ஜெயந்தியும் ஒன்றாக வந்தது. விஜயதசமி நல்ல நாள், திறந்தால் கொஞ்சம் வியாபாரம் ஓடும் என்று தெருவில் பேச்சு. நாங்கள் திறக்கவில்லை. நான்கு தேசிய நாளும் மூடிவிடுவது எங்கள் முடிவு, அதில் யோசிக்கிற வேலையே மிச்சம்.

பண்டிகை ஐந்தில்தான் இழுபறி. பொங்கலுக்கு இரண்டு நாள், ஆயுத பூஜை, தீபாவளி, இவற்றில் தகராறு இல்லை. ஐந்தாவதுக்கு ஆடிப்பெருக்கு என்று பெரும்பாலோர் சொன்னார்கள், எனக்கும் அது சரியாகப் பட்டது, அன்றைக்கு எங்கள் மாவட்டமே ஒகேனக்கல் பக்கம் திரும்பியிருக்கும். தம்பிகளில் ஒருத்தனுக்கு ரம்ஜான் வேண்டும், அது இல்லாமல் எப்படி? அவனுக்கு அன்றைக்குச் சம்பளத்தோடு லீவு, கடை திறந்திருக்கும். அவன் ஆயுத பூஜைக்கு வந்து கடை கழுவி, பொரிகடலை வாங்கிக்கொண்டு போவான், அது வேறு.

தெருவில் எங்களைப் போலவே இதே சரக்கு வைத்திருக்கும் கடைகள் இன்னும் உண்டு. நாங்கள் திறக்க ஆரம்பித்ததும் ஒரு பெரியவர் நேரில் வந்து, "நீ ஒருத்தன் தெறந்தா நாங்க எல்லாரும் தெறக்கணும் தம்பி, யாருக்கும் லாபம் இல்ல, எல்லாருக்கும் லீவு போச்சு" என்றார். அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. கடைசியில் டீக்கடையில் உட்கார்ந்து பேசி, மருந்துக் கடைக்காரர்கள் சில ஊரில் செய்வது மாதிரி முறை வைத்துக்கொள்ளலாம் என்று முடிவானது: ஒரு ஞாயிறு அவர்கள் பக்கம், ஒரு ஞாயிறு எங்கள் பக்கம். கொஞ்ச காலம் நன்றாகவே போனது. அப்புறம் புதுசாக வந்த ஒரு கடை முறைக்குள் வர மாட்டேன் என்று ஞாயிறுதோறும் திறந்தது, முறை ஆட்டம் கண்டது. இப்போது எல்லாரும் ஞாயிறு திறக்கிறோம், ஆனால் 2 மணிக்கு மூடுவது என்பது மட்டும் எழுதாத ஒப்பந்தமாக நிற்கிறது, அந்தப் புதுக் கடை உட்பட. பெரியவர் மட்டும் ஞாயிறு திறப்பதில்லை. அவருக்கு வார நாள் வியாபாரமே போதும், சொந்தக் கட்டடம், வாடகை இல்லை. வாடகைக்கு இருப்பவன் கணக்கும் அவர் கணக்கும் ஒன்றாகாது.

இதைப் படித்துவிட்டு எல்லா ஊரிலும் செவ்வாய் மூடு, ஞாயிறு அரை நாள் திற என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். போச்சம்பள்ளியில் என் மாமா கடை இருக்கிறது. அங்கே ஞாயிறுதான் வாரச்சந்தை, சுத்துப்பட்டு ஜனமெல்லாம் அன்றைக்கு அங்கே, அவருக்கு வாரத்தின் பெரிய நாளே அதுதான், நாங்கள் பேசுகிற அரை நாள் கதையைக் கேட்டால் சிரிப்பார். பர்கூர் ஜவுளிக் கடைகளில் ஞாயிறு கல்யாண ஜவுளி எடுக்கக் குடும்பத்தோடு வேனில் வருவார்கள், அவர்களும் மூட முடியாது. ஓசூரில் கம்பெனி வார லீவு எந்தக் கிழமையோ அதைப் பார்த்துத்தான் சுற்றியிருக்கும் கடைகள் நடக்கும், யுகாதிக்கு அங்கே பாதிக் கடைவீதி பண்டிகையில் இருக்கும், எங்கள் ஊரில் அது சாதாரண நாள். கட்டட வேலைக்காரர்களும் பட்டறைக்காரர்களும் அமாவாசைக்கு லீவு விடுவார்கள், அன்றைக்கு எங்கள் மாதிரிக் கடையில் கூட்டம் தானாகக் குறையும். சரக்கு எண்ணவும் ரேக் துடைக்கவும் அந்த நாளை வைத்துக்கொள்ளலாம்.

சில்லறையாகச் சில விஷயங்கள். ஞாயிறு மொத்த வியாபாரிகளும் லாரி ஷெட்டும் மூடியிருப்பார்கள், கம்பெனி ரெப் போன் எடுக்க மாட்டார். ஆகவே சனிக்கிழமை சாயங்காலம் ஸ்டார்ட்டர் ரிலே, கெப்பாசிட்டர், ஃபியூஸ் கேரியர், பைப் பசை, பைப்பை இணைக்கும் எல்போ, டீ எல்லாம் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள், ஞாயிறு இல்லை என்று சொல்லவா திறந்தோம்? பைப் கட்டு, தண்ணீர்த் தொட்டி மாதிரி ஏற்றி இறக்க வேண்டிய சரக்கை ஞாயிறு விற்றாலும் திங்கள்தான் அனுப்புகிறோம், லோடு ஆள் கிடைக்காது, கிடைத்தாலும் கூலி கூட. வாரண்டி மாற்றித் தருவதும் வார நாளில் மட்டும், இல்லாவிட்டால் ஞாயிறு முழுக்கப் பழைய ஃபேனோடு நிற்பவர்களிடமே பேசிக்கொண்டிருக்க வேண்டும். சனி, ஞாயிறு ரொக்கம் சேர்ந்துவிடும், அதைக் கல்லாவில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். கூகுள் மேப்பில் கடை நேரத்தை மாற்றுங்கள், பெங்களூரில் இருந்து வருபவர் அதைப் பார்த்துத்தான் கிளம்புகிறார், நாங்கள் மாற்றியபிறகு போன் தொல்லை பாதியாகக் குறைந்தது.

ஞாயிறு 2 மணிக்கு மேலும் செவ்வாயும் அவசரம் என்றால் கூப்பிட ஷட்டரில் என் நம்பர் எழுதியிருக்கிறது. வீடு பக்கத்தில்தான், மோட்டார் சாமானுக்கு மட்டும் போய் எடுத்துக் கொடுப்பேன், வேலையாட்களைக் கூப்பிடுவதில்லை. குழாய் பார்க்கணும், லைட் பார்க்கணும் என்று கூப்பிடுபவர்களுக்கு எப்போது திறப்போம் என்று மட்டும் சொல்லிவிட்டு போனை வைத்துவிடுவேன்.